நாளைப்போவார் புராணத்துத் தீயும் நீலநக்கர் மனைத் தீயும்

தென்னாட்டுத் திருக்கோயில்கள் பிறப்பு வேறுபாடின்றி அனைவர்க்கும் திறக்கப்பெற்றமை சென்ற நூற்றாண்டின் நிகழ்ச்சி. 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் அரசர் ஆணை பிறப்பித்தார். 1939 ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாதையர் தாழ்த்தப்பட்ட வகுப்பினரை உடன்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுட் புக்கார். 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற் கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறிற்று. 1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை எவ்வடிவிலும் ஒழித்தது. இவை யாவரும் அறிந்தன.

சட்டத்தை வெளிப்பட மறுக்கமாட்டாத சிலர், சொற்பொழிவுகளிலும் உரையாடல்களிலும் திருநாளைப்போவார் வரலாற்றைச் சான்றாக எடுத்துக்காட்டுதல் இன்றும் உண்டு. நந்தனாரே எரியில் மூழ்கிப் பழைய உடம்பை நீத்த பின்னரன்றோ தில்லைத் திருமன்றினை அணைந்தார். ஆகலின் பிறப்புப் பற்றிய விலக்கு இறைவனுக்கும் உடன்பாடே என்பது அவர்தம் கூற்று. இவர்க்கு மறுதலையாகச் சாதியை வேரறுக்க முற்பட்டோருட் சிலர், தாழ்த்தப்பட்டார் ஒருவரைத் தீயிலிட்டு மறையவராக்கிய நூல் பெரியபுராணம். ஆதலின் அது தள்ளத்தக்கது என்பர். முடிவில் வேறுபடும் இவ்விரு திறத்தாரும் தொடக்கத்தில் ஒன்றுபடுகின்றனர். எரிபுகுதலே இவ்வரலாற்றின் உயிர்நிலை எனக் கொள்ளுதல் இருவர்க்கும் பொது. அக்கோள் நூலொடு பொருந்துமா என்பது ஆராயற்பாலது.

முதற்கண் நூல் மரபினை நோக்குக. இவ்வடியாரை முதன்முதற் போற்றியவர் திருத்தொண்டத்தொகை அருளிய சுந்தரமூர்த்தி சுவாமிகள். அவர் கூறுவன திருநாளைப்போவார் என்னும் பெயரும், செம்மை என்னும் பண்பும், அவர்க்குத் தாம் அடியார் எனலும் ஆகிய மூன்றே. குலம் இல்லை, ஊர் இல்லை, தீயும் இல்லை. ஆதிசைவ மறையவர் மரபில் தோன்றிய நம்பியாரூரர், இவ்வடியார்க்கு அடியார் எனத் தம்மைச் சொல்லுமிடத்து ஒரு நிபந்தனையும் வைத்திலர்.

அடுத்து வந்தது நம்பியாண்டார் நம்பிகளின் திருத்தொண்டர் திருவந்தாதி. ஆதனூர் என்னும் பதியும், புலைமையாகிய பிறப்பும், அம்பலவாணன் திருவருளால் அப்புலைமை நீங்கியதும், தில்லை மூவாயிரவர் கைகூப்ப அவர் முனிவரானதும் ஆண்டுக் கூறப்பட்டன. அவ்வந்தாதியிலும் தீயின் பெயர் இல்லை. நீக்கியது அருள், கைகூப்பியவர் மூவாயிரவர். எரிபுகுதல் விரிவுபெற்று வருவது 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் அருளிய திருத்தொண்டர் புராணத்திலேயே ஆகும். தொகையினும் வகையினும் காணப்பெறாது விரியிற் காணப்பெறும் ஒன்றனை வரலாற்றின் உயிர்நிலை எனல் பொருந்தாது என்பது இதனாற் பெறப்படும்.

அற்றேல், சேக்கிழார் பெருமான் அதனைப் பிறப்பிழிவு கருதியே சேர்த்தார் எனின், அவர் ஆதனூர்ப் புலைப்பாடியைப் பாடிய திறத்தை அறியாதார் கூற்றாகும் அது. சோழ அரசின் அமைச்சராய் விளங்கிய அப்பெரியார் அச்சேரியினுள்ளே கற்பவரை அழைத்துச் செல்கின்றார். முன்றிலிற் கோழிக்குஞ்சுகள் திரிகின்றன. இருப்பு வளையணிந்த சிறுவர் நாய்க்குட்டியைக் கவர்ந்துகொண்டு ஓடுகின்றனர். மருதமர நிழலில் தோலை விரித்து உழத்தி தன் மகவை உறக்குகின்றாள். மாமரக் கிளைகளிற் பறைகள் தொங்குகின்றன. அருவருப்புணர்த்தும் சொல் ஒன்றேனும் இப்பகுதியில் இல்லை. மக்கள் வாழும் இடமாகவே அவர் அதனைக் கண்டார், அங்ஙனமே காட்டினார்.

அப்பாடியில் வாழ்ந்த நந்தனார் செய்த தொண்டும் நினையத்தக்கது. திருக்கோயில்களின் பேரிகை முதலிய முகக்கருவிகட்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அவர் அளித்துவந்தார். அவர் தந்த தோல் கோயிலினுள்ளே முழங்கிற்று. அவர் தந்த நரம்பு உள்ளே இசைத்தது. அவர் தந்த மணப்பொருள் இறைவன் திருமேனிப் பூசைக்கு ஆயிற்று. தந்த கை மாத்திரம் வாயிலுக்குப் புறத்தே நின்றது. சேக்கிழார் இதனை இடித்துரைத்திலர். எனினும் தொண்டின் வகைகளை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிக்காட்டிய பின், அவர் வாயிலின் புறத்தே நின்று ஆடியும் பாடியும் வந்தமையைக் கூறுதலின், இம்முரண்பாடு அவர் கருத்திற்குப் புறம்பானதன்று என்க.

திருப்புன்கூரிற் சிவலோகநாதரை நேரே கும்பிட விழைந்து அவர் வாயிலில் நின்றபொழுது, இறைவன் தன் முன்னிருந்த விடையை விலகச் செய்தருளினான். பின்னர் அங்குப் பள்ளமான ஓரிடம் கண்டு குளம் தொட்டு அவர் மீண்டார். திருப்புன்கூரில் தீ வேண்டப்படவில்லை. விலகியது விடையேயன்றி அடியார் உடம்பன்று.

தில்லையிலோ நிகழ்ச்சி வேறு. அவ்வூரெல்லையை அடைந்த நந்தனார் வேள்விப் புகையையும் மறையோதும் மடங்களையும் கண்டு, தம் பிறப்பை நினைந்து அஞ்சிப் புகாது, அல்லும் பகலும் திருவெல்லையை வலம் வந்தார். ஈண்டு ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. சேக்கிழார் வாக்கில் அவரைத் தடுத்தார் ஒருவரும் இலர். வாயில் காப்போன் அதட்டவில்லை; மறையவர் வெகுளவில்லை; ஊரார் வைதிலர். தடையனைத்தும் அவர் நெஞ்சினுள்ளேயே இருந்தது. பல தலைமுறை ஒருவனைப் புறத்தே நிறுத்தியபின், தடுப்பார் ஒருவரும் வேண்டப்படார். அவன் தானே நின்றுவிடுவான். பிறப்பு வேற்றுமை செய்யும் தீங்குகளுள் இதனினும் கொடியது பிறிதில்லை. தன்னை ஒத்த ஒருயிர் தன் நிழலையும் மாசென நம்புமாறு செய்தலே அதன் முடிந்த வெற்றியாகும். சேக்கிழார் அந்நிலையை ஒரு சொல்லும் மிகாது காட்டியுள்ளார்.

இவ்வரலாற்றை நாடறியச் செய்தது கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை; 1861ஆம் ஆண்டில் அச்சேறியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதன் இலக்கணக் குறைகளை நோக்கிச் சிறப்புப்பாயிரம் அளிக்கத் தயங்கியதும், பின்னர்ப் பாரதியார் பாடக் கேட்டு மனம் உருகி அளித்ததும் மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் எழுத்தால் அறியப்படும். 1935லும் 1942லும் வெளிவந்த நந்தனார் திரைப்படங்கள், நாளைப்போவாரைக் கீர்த்தனையின் நந்தனாராகவே மக்கள் உள்ளத்தில் நிலைநிறுத்தின.

சேக்கிழார் நூலில் இல்லாத ஒருவர் கீர்த்தனையில் வருகின்றார். அவர் நிலவுடைமையாளராகிய வேதியர். பண்ணையாளாகிய நந்தனார் தில்லைக்குப் போக விடைகேட்க, வேதியர் சினந்து மறுத்து, நிலம் முழுதும் விளைந்து அறுவடையானபின் செல்க என்கின்றார். ஓரிரவில் இறைவனருளால் எல்லாம் முடிகின்றது. வேதியர் நந்தனார் அடியில் வீழ்கின்றார். சேக்கிழார் காட்டும் நந்தனாரோ ஊர்ப் புலைமைத் தொழிலின் தாயத்தைப் பெற்றவர்; ஊரார் விட்ட பறைத்துடவை நிலத்தின் விளைவைத் தம் உணவுக்குரியதாகக் கொண்டவர். அவர் ஒருவர்க்கும் அடிமையல்லர், ஒருவரிடமும் விடைகேட்டிலர்.

ஆகவே பாரதியார் புராணத்தைத் திரித்தார் எனச் சைவப் புலவர் சிலர் குறைகூறினர். நூலளவிற் கூறின் அது மெய்யே. ஆயினும் அவ்வளவில் அமைதல் நடுநிலையாகாது. பாரதியார் வாழ்ந்த காவிரிநாட்டிற் பண்ணையாள் முறை கண்கூடாக இருந்தது. பறைத்துடவை என்னும் உரிமைநிலம் பலர்க்கு இல்லாது ஒழிந்து, கடனாலும் பிறப்பாலும் பண்ணையிற் கட்டுண்டு வாழும் நிலை வந்திருந்தது. புராணத்தில் இல்லாத அவ்வேதியர், பாரதியார் காலத்து ஊர்தோறும் இருந்த நிலவுடைமையாளரின் வடிவம் ஆவர். சேக்கிழார் நெஞ்சினுள் இருந்த தடையைக் காட்டினார். பாரதியார் அத்தடைக்கு வேலியிட்ட கையைக் காட்டினார். இரண்டும் மெய்ம்மையே. கீர்த்தனையின் குறை வேறோரிடத்தது. வேதியர் ஒருவர் மனம் திரும்பியவுடன் வழக்குத் தீர்ந்துவிட்டதாக அது முடிகின்றது. ஏனைப் பண்ணையாட்களின் நிலை யாதாயிற்று என்னும் வினா அங்கு எழவே இல்லை.

இனி எரிபுகுதலை நேர்நின்று ஆராய்தல் வேண்டும். இதனை மறைத்துப் பேசுதல் நூலுக்குச் செய்யும் நன்மையன்று. தில்லைக் கூத்தன் நந்தனார் கனவில் தோன்றி, இப்பிறவி நீங்கும்பொருட்டு எரியில் மூழ்கி, முந்நூல் மார்பினருடன் தன்னை அணையுமாறு பணித்தான் என்பது சேக்கிழார் வாக்கின் பொருள். தில்லைவாழ் அந்தணர்க்கும் இறைவன் கனவில் உணர்த்த, அவர்கள் அச்சத்தோடு வந்து தெற்கு வாயிலின் புறத்தே தீ அமைத்தனர். நந்தனார் அதனை வலங்கொண்டு புக்கு, சடைமுடியும் முந்நூலும் உடைய முனிவராய் எழுந்தார். அந்தணர் கைதொழுதனர், தொண்டர் மகிழ்ந்தனர், அவர் திருமன்றினுட் சென்று மீண்டும் காணப்பட்டிலர். பிறவி நீங்குதல் என்னும் கருத்து நூலிலேயே உள்ளது. சேக்கிழாரைத் தம் காலத்து வழக்கினின்று முற்றும் விடுபட்டவர் என அன்பினால் மொழிவார், நூல் கூறாததனைக் கூறுகின்றனர் என்றே கொள்ளப்படும்.

எனினும் சித்தாந்த நூன்முறையால் நோக்குமிடத்து, அத்தீ எதனை எரித்தது என்னும் ஐயம் எழுகின்றது. உயிரை அநாதியே பற்றிய மாசு ஆணவம். அது செம்பிற் களிம்பு போல்வது. மறையவர் உயிரையும் புலையர் உயிரையும் ஒப்பப் பற்றியது. அதனை விறகின் தீ சுடமாட்டாது. திருவருள் ஞானமே நீக்க வல்லது. குலமோ மாயையின் காரியமாகிய உடம்பைப் பற்றிய வழக்கு. தீக்கைக் கிரியைகளுட் சாதியுத்தாரணம் என்பது ஒன்று. பிறப்பால் வந்த சாதியை அகற்றுதல் அதன் பயன். அகற்றத்தக்கதாக ஆகமம் கூறிய ஒன்று உயிரின் இயல்பாதல் எங்ஙனம்? ஆதலின் நந்தனார் உயிரில் அத்தீ எரிக்கவேண்டுவது ஒன்றும் இருந்திலது. மறந்தும் பிறிதொன்றை நினையாது சிவன் கழற்கே அன்பு விளைத்தவர் எனச் சேக்கிழார் முன்னரே கூறிவிட்டார். கண்டார் கண்ணில் இருந்த வேற்றுமையையும், நந்தனார் நெஞ்சில் அவ்வேற்றுமை விளைத்த அச்சத்தையும் போக்குதற்கே அத்தீ பயன்பட்டது எனல் சித்தாந்தத்தோடு மாறுகொள்ளாது.

அங்ஙனமாயின் குற்றமுடையார் கண். எரிபுக்கது குற்றமில்லார் உடம்பு. இவ்விடர்ப்பாடு தீரவில்லை எனின், தீரவில்லை என்றே ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். இதற்கு விடை அப்புராணத்தினுள் இல்லை; ஆனால் அதே நூலினுள், அதே புலவர் வாக்கில் உண்டு.

திருஎருக்கத்தம்புலியூரில் தோன்றிய திருநீலகண்ட யாழ்ப்பாணர், கோயிலினுட் புகுதற்கு உரியரல்லர் எனக் கருதப்பட்ட பாணர் குலத்தவர். மதுரையில் அவர் வாயிலின் புறத்தே நின்று யாழிசைத்தார். இறைவன் அன்று இரவு தொண்டர் கனவில் தோன்றி அவரை உள்ளே கொணரப் பணித்தான். தரையின் ஈரத்தால் யாழ் நரம்பு தளரும் எனக் கருதிப் பொற்பலகையும் இடச்செய்தான். திருவாரூரில் வடதிசையில் வேறொரு வாயில் வகுத்து அவரை உட்புகச் செய்தான். இங்கும் வாயில் வேறாகவே அமைந்தது என ஒருவர் குறிப்பிடலாம், அஃது உண்மையே. ஆயினும் இவ்வீரிடத்தும் பாணரை உடம்பு மாற்றுமாறு இறைவன் பணித்திலன்.

இவற்றினும் சிறந்தது திருச்சாத்தமங்கை நிகழ்ச்சி. திருஞானசம்பந்தர் ஆண்டு எழுந்தருளியபொழுது, மறையவராகிய திருநீலநக்கர் தம் மனையில் அவரை ஏற்றார். உடன்வந்த பாணரும் அவர் மனைவியாராகிய மதங்கசூளாமணியாரும் அன்றிரவு தங்க இடம் அளிக்குமாறு பிள்ளையார் கேட்டருளினார். நீலநக்கர் புறத்திண்ணையைக் காட்டிலர், மாட்டுக்கொட்டிலைக் காட்டிலர், மனையின் நடுவே, நாளும் எரியோம்பும் வேதியின் அருகில் இடம் கொடுத்தார். அப்பொழுது அவ்வேதியில் இருந்த தீ முன்னையினும் ஓங்கி வலமாகச் சுழித்து ஒளிர்ந்தது எனச் சேக்கிழார் கூறுகின்றார்.

இவ்விரு தீயையும் ஒப்புநோக்குக. தில்லையில் தீ ஊர்ப்புறத்தே புதிதாக மூட்டப்பட்டது. சாத்தமங்கையில் மறையவர் மனையின் நடுவே தொன்றுதொட்டு ஓம்பப்பட்டது. ஆண்டு அடியார் தீயினுட் புகுந்தார். ஈண்டுத் தீயே அடியாரை எதிர்கொண்டு மகிழ்ந்தது. ஆண்டு மாறியது அடியார் உடம்பு. ஈண்டு மாறியது மறையவர் மனையின் வழக்கு. வைதிக ஒழுக்கத்திற்குச் சான்றாக நிற்கும் தீயே பாணர் தம் வரவினால் மாசுறாது பொலிந்தது எனின், தீண்டாமைக்கு வேதத்தைச் சான்றாகக் காட்டுவார் வாய் அடைபடும் அன்றோ?

பாணர் சம்பந்தப்பிள்ளையாரின் உடனுறை தொண்டர். அச்சிறப்பு ஏனையோர்க்கு ஒவ்வாது எனின், அற்றன்று. அப்பர் சுவாமிகள், சாத்திரம் பேசிக் குலமும் கோத்திரமும் பாராட்டுவாரை ஒரு குறுந்தொகையில் வினவிக் கண்டித்தார். ஒரு தாண்டகத்தில், பிணியால் உடல் அழுகினவரேனும் புலையரேனும் சிவனுக்கு அன்பராயின் தாம் வணங்கும் கடவுள் அவரே என அருளினார். அஃது ஒருவரைக் குறித்த விதியன்று. அன்பர் யாவர்க்கும் பொது. திருநல்லூர்ப்பெருமணத்தில் எழுந்த சிவசோதியிலும் சம்பந்தரும் நீலநக்கரும் யாழ்ப்பாணரும் உடன்வந்தாரும் ஒருங்கே புக்கனர். அச்சோதிக்கு வாயில் ஒன்றே இருந்தது.

சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், அன்பு மிக்க அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரன் எனவே தொழுமாறு விதிக்கின்றது. விதி ஒன்று; பொருள் இரண்டு. கோயிலின் தூய்மைக்கென அடியாரைப் புறத்தே நிறுத்துவார், அச்சூத்திரத்தின் ஒரு பாதியைக் காக்கப் புகுந்து மற்றொரு பாதியை அழிப்பவராவர். சைவ மடங்களும் கோயில்களும் பல நூற்றாண்டு இப்பிழையைச் செய்தே வந்தன என்பதனைச் சைவர் தாமே சொல்லுதல் தகும். பிறர் சொல்லக் கேட்டு வெகுளுதலினும் அது மேலானது.

அம்மரபினுள்ளேயே நேர்வழி நின்றாரும் உளர். ஆதிசைவ முதுபெரும் ஆசிரியராகிய அருணந்திசிவம், வேளாண் குலத்து இளஞ்சிறாராகிய மெய்கண்டார் திருவடியில் வீழ்ந்து மாணவரானார். தில்லைவாழ் அந்தணருள் ஒருவராகிய உமாபதிசிவம், விறகு சுமந்து வந்த பெற்றான் சாம்பான் என்னும் புலைக்குலத்து அன்பர்க்கு இறைவன் திருமுகத்தின்வழி நயனதீக்கை செய்து முத்தியளித்தார் என மரபு கூறும். நந்தனார் அஞ்சி வலம்வந்த அத்தில்லையில், தாழ்த்தப்பட்டோர் மக்கள் கல்வி பெறுதற்கு 1916ஆம் ஆண்டில் நந்தனார் பெயரால் பள்ளி நிறுவினார் சுவாமி சகஜானந்தர். எரியை மூட்டாது விளக்கை ஏற்றிய அச்செயல், புராணத்திற்கு ஓர் உரை எனத் தகும்.

கோயில் வாயிலுக்கு அப்பாலும் இவ்வழக்கு நீளுகின்றது. நந்தனார் வாழ்ந்த அக்காவிரிநாட்டில், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணிச் சேரியில் ஒரு குடிசையினுள் அடைக்கலம் புக்க உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் தீக்கு இரையாயினர். அவருட் பெண்டிரும் சிறாரும் மிகப் பலர். கூலி உயர்வு கேட்டு எழுந்த பூசலில் விளைந்தது அது. கோயில் நுழைவுச் சட்டம் வந்து இருபதாண்டு கடந்த பின்னர் நிகழ்ந்தது. அத்தீயினின்று முனிவராய் எழுந்தார் ஒருவரும் இலர். எரிபுகுதலை அருட்செயல் எனப் பேசி அமைதி காண்பார், இந்நிகழ்ச்சியை ஒருமுறை நினைந்து பின்னர்ப் பேசுவாராக. சேரியும் ஊரும் வேறாய் அமைந்த குடியிருப்பும், பிறப்பு நோக்கிப் பிரித்த சுடுகாடும், குலங்கடந்து மணந்த இளையோர்க்கு நேரும் கொலையும் இன்றும் ஒழிந்தில.

ஆகவே நந்தனார் வரலாற்றை விலக்குக்குச் சான்றாக்குவார் நூன்மரபையும் சித்தாந்தத்தையும் ஒருங்கே இழப்பர். அதனைத் தள்ளுவாரும், ஆதனூர்ச் சேரியை அத்துணைக் கண்ணோட்டத்துடன் பாடிய பழம்புலவர் ஒருவரை இழப்பர். இரண்டும் வேண்டா. திருநாளைப்போவார் குருபூசையில் அவர் புராணத்தைப் படிக்கும் அன்பர், அதனோடு திருநீலநக்கர் புராணத்தையும் சேர்த்துப் படித்தல் நன்று. அதன்பின் தத்தம் மனையின் நடுவிடத்தில், நாளும் விளக்கேற்றும் இடத்தின் அருகே, இதுகாறும் யாருக்கு இடம் அளிக்கப்பட்டிலது என்பதனை அவரவரே எண்ணிப்பார்ப்பாராக.